ஒரே வெயில், இரண்டு கூலி

வாசகர் கேள்வி, 29 செப்டம்பர் 2024

"தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் கேரளத்தைவிடக் குறைந்ததல்ல என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு இம்மாதம் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டுகிறது. அப்படியிருக்க, எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து இன்றும் விடியற்காலையில் ஆட்கள் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் கூலி வேலைக்குப் போவது ஏன்? இது அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம், வேறொன்றுமில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்."

30 செப்டம்பர் 2024

மறுக்கிறேன். பழக்கத்துக்காக யாரும் காலை நான்கு மணிக்கு எழுந்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வருவதில்லை. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், எல்லையின் கேரளப் பக்கத்தில். அந்த ஆட்கள் பேருந்திலிருந்து இறங்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். 1996 முதல் 2007 வரை எர்ணாகுளத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கூலிக் கணக்கு எழுதினேன். முதல் ஆண்டுகளில் அந்த மஸ்டர் நோட்டில் பாதிப் பெயர்கள் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுடையவை.

நீங்கள் சொல்லும் அறிக்கையை நானும் படித்தேன். 2023-24இல் நாட்டின் சராசரியை 100 என்று வைத்தால் தமிழ்நாடு ஏறத்தாழ 171, கேரளம் ஏறத்தாழ 152. எண்களில் பிழையில்லை. ஆனால் பேருந்து ஏறுகிறவருக்கு யாரும் தனிநபர் வருமானத்தைக் கொடுப்பதில்லை, அவருடைய கைவேலைக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி என்பதுதான் அவருக்குக் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23ஆம் ஆண்டுக்கான ஊரகக் கூலி இருக்கிறது. கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், தமிழ்நாட்டில் 500.9 ரூபாய், நாடு முழுவதும் சேர்த்து 393.3 ரூபாய். வயல் வேலைக்குக் கேரளத்தில் 764.3, தமிழ்நாட்டில் 470. ஒரே வெயிலில் ஒரே சாந்துச் சட்டியைச் சுமப்பதற்கு, இடையில் ஒரு சோதனைச் சாவடி இருப்பதால், 350 ரூபாய் வேறுபாடு.

தமிழ்நாட்டின் சராசரியை உயர்த்துவது திருப்பெரும்புதூரின் கார்த் தொழிற்சாலைகளும் சென்னையின் அலுவலகங்களும் கோயம்புத்தூரின் ஆலைகளும். ஆனைமலையடிவாரத்தில் அரை ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு அந்தச் சராசரியில் பங்கு மிகக் குறைவு. கேரளத்தின் கணக்கிலோ ஒரு பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் மாநில உற்பத்தியில் சேராது. 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி அது ஏறத்தாழ 2.16 லட்சம் கோடி ரூபாய். அந்தப் பணம் வீடாகவும் கடையாகவும் திருமண மண்டபமாகவும் மாறும்போது செங்கல் சுமக்க ஆள் தேவைப்படுகிறது. உங்கள் ஊர்ப் பேருந்து அந்தத் தேவையை நோக்கித்தான் வருகிறது.

1 அக்டோபர் 2024

கேரளத்தில் கூலி ஏன் இத்தனை உயர்ந்தது என்பதை நேற்று எழுதாமல் விட்டது குறைதான். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள், 2023இல் கூட வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர். போனவர்களின் இடம் காலியானது, போனவர்களின் பணம் புதிய வேலையையும் உண்டாக்கியது. அதற்கு முன்பே தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்தன. சுமைதூக்குவோருக்கு 1978இலேயே தனிச் சட்டம் வந்தது, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குடியிருப்பு மனையைக் கூலிக்காரர் கையில் கொடுத்தது. சொந்த மனையில் குடியிருப்பவர் கூலி பேசும்போது குரல் தாழ்வதில்லை. பள்ளிக்கூடமும் ஒரு காரணம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் மண்வெட்டியைத் தொட மாட்டான், அவனுடைய அப்பாவும் தொட விட மாட்டார்.

இவற்றில் எது முதன்மை என்று கேட்டால் வளைகுடா என்று சொல்வேன். சங்கம் கூலியை ஏற்றியது, ஆனால் ஏறிய கூலியைக் கொடுக்கும் சக்தியை வெளிநாட்டுப் பணம் தந்தது.

4 அக்டோபர் 2024

உடுமலைப்பேட்டை வாசகர் ஒருவர், நாள்கூலியை ஒப்பிட்டுப் பயனில்லை, வேலை நாட்களை எண்ண வேண்டும் என்கிறார். நியாயமான எதிர்ப்பு. ரிசர்வ் வங்கியின் எண்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 500.9 ரூபாய் வீதம் 12,522 ரூபாய் வருகிறது. கேரளத்தில் 15 நாள் கிடைத்தாலே 852.5 ரூபாய் வீதம் 12,787 ரூபாய். அதாவது பத்து நாள் சும்மா இருந்தாலும் எல்லை தாண்டியவர் தாழ்ந்துவிடுவதில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு என் பழைய நாட்களை நினைத்துப் பார்த்தேன். எடவத்தில் (வைகாசியில்) மழை பிடித்தால் கர்க்கடகம் (ஆடி) முடியும்வரை எங்கள் நோட்டில் பல கட்டங்கள் வெறுமையாக இருக்கும். நான்கு பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு, வேலையில்லாத நாளுக்கும் வாடகையும் மெஸ்ஸுக்கும் கொடுத்துக்கொண்டு, மழை விடுவதற்காகக் காத்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பலாமே என்று நான் கேட்டால், "அங்க மட்டும் என்னங்க இருக்குது, இங்கயாவது மழ நின்னா கூப்பிடுவாங்க" என்று கிணத்துக்கடவுப் பக்கத்து அண்ணன் ஒருவர் சொல்வார். அவர்கள் விட்டு வந்த நிலம் மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடப்பது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், கடைமடைக்கு முறையிலும் ஒழுங்காக வராது. 25 நாள் வேலை என்று நான் மேலே எழுதியது அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று. எனவே வேறுபாடு நாள்கூலியில் மட்டுமல்ல, நாட்களின் எண்ணிக்கையிலும் பெரும்பாலும் அவர்களுக்குப் பாதகமாகவே இருந்தது.

5 அக்டோபர் 2024

மேலே நான் எழுதியவற்றில் ஒரு திருத்தம் அவசியம், அதைச் சொல்லாமல் நேற்று இரவு தூக்கம் வரவில்லை. வெளியூர் ஆளுக்கும் கேரளத்தின் சராசரிக் கூலி கிடைக்கிறது என்பதுபோல எழுதிவிட்டேன். கிடைப்பதில்லை. நான் எழுதிய மஸ்டரிலேயே இரண்டு விகிதங்கள் இருந்தன: உள்ளூர் மைக்காட்டுக்கு (கட்டட எடுபிடி ஆளுக்கு) ஒன்று, நம்மவர் சித்தாளுக்கும் பெரியாளுக்கும் வேறொன்று. உள்ளூர் ஆள் ஐந்து மணிக்குக் கை கழுவிவிடுவார், சங்கத்தின் பெயரைச் சொல்லுவார். நம்மவர் ஆறரை வரை நிற்பார், காங்கிரீட் போடுகிற நாளில் இரவு ஒன்பது வரையும் நிற்பார். குறைந்த விகிதத்தை என் கையால்தான் எழுதினேன். தமிழ் பேசுகிறவன் என்பதற்காகவே அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஆட்களோடு அவர்கள் மொழியில் பேசி, குறைந்த கூலிக்கு அவர்களை இணங்க வைப்பது என் பொறுப்பின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த விகிதமும் ஊர்க் கூலியைவிட அதிகம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆயினும் பக்கத்தில் நிற்பவரின் கூலியைத்தான் மனிதன் தினமும் பார்க்கிறான்.

10 அக்டோபர் 2024

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் போக்குவரத்தெல்லாம் பதிவாகியிருக்குமே, அதிலிருந்து எண் எடுத்துக் காட்டலாமே என்று ஒருவர் கேட்கிறார். என் வீட்டு உதாரணத்தைச் சொல்கிறேன்.

என் அம்மா பிறந்தது வேலந்தாவளத்துக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள ஒரு சிற்றூர். கல்யாணமாகி என் அப்பா வீட்டுக்கு வந்தார். தூரம் ஆறு கிலோமீட்டர். கணக்கெடுப்பின் வரையறைப்படி அவர் மாநிலம் விட்டு மாநிலம் வந்த புலம்பெயர்ந்தவர். என் அப்பாவோ இருபது ஆண்டுகளுக்கு மேல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொச்சியிலும் ஆலுவாவிலும் கட்டட வேலை செய்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். கணக்கெடுக்க வந்தவர்கள் அவரை எப்போதும் சொந்த ஊர்க்காரர் என்றே எழுதினார்கள். பின்னாளில் அம்மாவும் சித்தாளாக அவருடன் போனார், என்னை அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் விட்டுவிட்டு. அதுவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அம்மாயி வீட்டில் நான் இருந்த ஆறு ஆண்டுகளில் தேர்வு நடந்த ஒரு நாளிலும் அம்மா பக்கத்தில் இருந்ததில்லை. சனிக்கிழமை இரவு கடைசிப் பேருந்தின் விளக்கைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பகுதியினர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே, அதிலும் திருமணத்தால் வீடு மாறிய பெண்கள். வேலைக்காகப் போய்ப் போய்த் திரும்புகிறவர்களைப் பிடிக்க அந்தக் கேள்வித்தாள் உருவாக்கப்படவில்லை. அதனால்தான் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை முன்பதிவு இல்லாத ரயில் பயணங்களைக் கொண்டு கணக்குப் போட்டு, மாநிலங்களுக்கிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேர் நகர்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ரயில் சீட்டை எண்ணுவது நல்ல யோசனை. ஆனால் எங்கள் எல்லையில் ரயிலைவிட டவுன் பஸ்ஸும் ஜீப்பும் வேனும்தான் அதிகம், அவற்றை எண்ணியவர் எவருமில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2024 வரை நடக்கவே இல்லை.

13 அக்டோபர் 2024

"இப்போது பாலக்காட்டிலும் வடக்கத்தி ஆட்கள்தானே நிறைந்திருக்கிறார்கள், நம்மவர்கள் எங்கே?" என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இதுவே என்று நினைக்கிறேன்.

1885இல் ரேவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பிரிட்டனின் கணக்கெடுப்பைப் படித்துவிட்டு ஒன்றைக் கவனித்தார். நகரத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் நகரத்துக்குப் போகிறார்கள், அவர்கள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப அதற்கும் அப்பாலுள்ள ஊர்க்காரர்கள் வருகிறார்கள், இப்படியே அது கடைக்கோடி வரை போகிறது என்றார். அவர் எங்கள் பகுதிக்கு வந்து எழுதியதுபோல இருக்கிறது. மலையாளிப் பையன் துபாய்க்குப் போனான், அவன் விட்ட சட்டியைத் தூக்கப் பொள்ளாச்சி ஆள் வந்தார். பொள்ளாச்சி ஆளின் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்தான், சட்டியைத் தூக்க முர்ஷிதாபாத்திலிருந்து ஆள் வந்தார். அதே நேரத்தில் பொள்ளாச்சியின் தென்னைநார் ஆலைகளில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் வேலை செய்கிறார்கள். குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனம் 2013இல் செய்த ஆய்வு, கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. நான் எர்ணாகுளத்தில் வேலையை விட்ட 2007இலேயே என் நோட்டில் மண்டல், ஷேக் என்று முடியும் வங்கத்துப் பெயர்கள் பாதிக்கு மேல் ஆகியிருந்தன.

என் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்க வருகிற நால்வரும் முர்ஷிதாபாத் மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் மூத்தவரிடம் ஊரில் என்ன கூலி என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு இங்கே அரை நாள் வேலை போதும். எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். 1960-61இல் மேற்கு வங்கத்தின் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரிக்கு மேலே இருந்தது, இப்போது கீழே. பீகாரின் நிலை சராசரியின் மூன்றில் ஒரு பங்கு. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையேயான வேறுபாட்டைப் பற்றி நாம் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருக்கிறோம், தன்பாத்–ஆலப்புழை விரைவு ரயிலில் கழிவறை வாசலில் உட்கார்ந்து வருகிறவர் தாண்டுகிற பள்ளம் அதைப்போலப் பல மடங்கு.

14 அக்டோபர் 2024

நேற்று "வடக்கத்தி ஆட்கள்" என்ற சொல்லைக் கேள்வியில் இருந்தபடியே விட்டதை ஒருவர் கண்டித்திருக்கிறார். ஏற்கிறேன். என் அப்பாவைக் கொச்சியில் "பாண்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கேரளத்திலேயே பிறந்தவர், கேரளத்து ரேஷன் அட்டை வைத்திருந்தவர். தமிழ் பேசியதால் பாண்டி. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் ஊரில் அசாமியரோ ஒடியரோ யாராக இருந்தாலும் வங்காளி என்ற பொருளில் மலையாள வழக்கைப் பின்பற்றிப் "பங்காளி" என்கிறார்கள். அதைத் தமிழ்க் காதால் கேட்கும்போது எனக்கு வேறொரு பொருள் தோன்றுகிறது. பங்காளி என்றால் ஒரே சொத்தில் பங்கு கேட்க உரிமையுள்ள தாயாதி. அந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை என்பது தெரியும். நான் அந்தப் பொருளில்தான் சொல்லப் போகிறேன்.

20 அக்டோபர் 2024

இந்த இழையை என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுபது வயதாகிறது, பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் ஆலத்தூரிலும் நாற்பது ஆண்டு நடவு நட்டவர். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் ஆம்பளக் கூலியா எழுதியிருக்கியே சாமி, நாங்க எங்க போனோம்?"

அவர் சொன்னது சரி. ரிசர்வ் வங்கி எடுத்துத் தருகிற அந்தக் கூலி விகிதங்கள் ஆண் தொழிலாளருக்கானவை. பெண்ணுக்குக் கேரளத்திலும் குறைவு, தமிழ்நாட்டிலும் குறைவு. அதைவிட முக்கியமான இன்னொன்றை அத்தை நினைவுபடுத்தினார். பாலக்காட்டு வயல்களில் நடவு பெண்கள் வேலை. எல்லைக்கு அப்பாலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து, தங்கி, நட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வங்கத்து ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாக வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி, ஒரே நாளில் நட்டு முடித்துவிடுகிறார்கள். நில உடைமையாளருக்கு அது லாபம், குழுவுக்கும் ஊர்க் கூலியைப் பார்க்க லாபம். அத்தைக்கு வேலை போனது. அவர் அந்தப் பையன்களைத் திட்டவில்லை. "பசிக்கு வந்த புள்ளைக" என்றார். ஆனால் கூலி குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஆள் நகர்ந்தால் எல்லோருக்கும் நன்மை என்று 13ஆம் தேதிக் குறிப்பின் தொனியில் நான் நம்பியிருந்தால், அத்தையின் இந்த இழப்பை அதில் எங்கே வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. தொழிலுறுதித் திட்டத்துக்கு அவர் போனார். ஆண்டுக்கு 100 நாள் என்ற உறுதியில் அவருக்குக் கிடைத்தது பாதிகூட இல்லை.

1 நவம்பர் 2024

இன்று கேரளம் உருவான நாள். 1956இல் இதே தேதியில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எங்கள் சித்தூர் வட்டமும் கேரளத்தில்தான். எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் மொழியைப் பார்த்தார்கள், நீரைப் பார்த்தார்கள். அந்தக் கோடு பிறகு ஒரு கூலிக்கோடாகவும் ஆகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

போடியிலிருந்து ஒரு வாசகர், ஏலக்காய்த் தோட்டங்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே என்கிறார். கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக மலையேறிக் காய் பறித்துவிட்டு மாலையில் இறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் கவிழ்ந்து இறந்தவர்கள் உண்டு. கூலி வேறுபாட்டுக்காகத் தினமும் உயிரைப் பணயம் வைக்கும் பாதை அது. விளைந்த காய் மீண்டும் போடிக்கே ஏலத்துக்கு இறங்கி வருகிறது.

ஆனால் மூணாற்றின் கதை என் வாதத்தையே இடறுகிறது. கேரளம் என்றால் உயர்ந்த கூலி என்று தொடக்கத்தில் எழுதினேன். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்த் தொழிலாளருக்கு 2015இல் நாள்கூலி 232 ரூபாய். அதே மாவட்டத்தில் அதே நாளில் ஒரு கொத்தனாருக்குக் கிடைத்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆண்டு செப்டம்பரில் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, தாங்களே "பெம்பிளை ஒருமை" (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸைப் பெற்றார்கள், 500 ரூபாய் கூலி கேட்டதற்கு 301 கிடைத்தது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்து வந்த தாத்தாவின் பேத்திகள் அவர்கள். குடியிருப்பது தோட்டத்து லயத்தில், அதாவது நிர்வாகத்தின் வரிசை வீட்டில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பக்கத்து ஊரில் கூலி இரண்டு மடங்கு என்று தெரிந்தும் அவர்களால் நகர முடியாததற்கு இதுவே காரணம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அவர்களின் மூதாதையர் கயத்தாற்றின் வறட்சிக்குத் தப்பி ஏறிய மலை அது.

ஆகவே, மாநிலத்தின் பெயரை வைத்துக் கூலியைச் சொன்ன என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். ஒருவர் எந்த வேலைக்கு, யார் மூலம், யாருடைய கூரையின் கீழ் வந்து சேர்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய கூலி விளங்கும்.

17 நவம்பர் 2024

"சட்டம் இருக்கிறதே" என்று எழுதிய வழக்கறிஞர் நண்பருக்கு.

இருந்தது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்து வருகிற ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், இடப்பெயர்வுப் படி கொடுக்க வேண்டும், வழிச்செலவு கொடுக்க வேண்டும், உள்ளூர் ஆளுக்குச் சமமான கூலி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதிய நான் அந்தச் சட்டத்தின் பெயரையே வேலையை விட்ட பிறகுதான் கேள்விப்பட்டேன். 2003இல் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பாதியில் நின்றது. எங்கள் ஒப்பந்தக்காரர் ஏழு வாரக் கூலி பாக்கி வைத்தார். முப்பத்திரண்டு பேர். சனிக்கிழமைதோறும் என் மேசையின் முன் வந்து நின்றார்கள், அடுத்த வாரம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஒன்பதாவது வாரம் பாதித் தொகை வந்தது, மீதி வரவே இல்லை. அவர்களில் ஒருவர்கூட எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. போவதென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும், மலையாளத்தில் மனு எழுத வேண்டும், அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற அச்சத்தையும் விட வேண்டும். மனுவை என்னால் எழுதியிருக்க முடியும். மலையாளம் படித்தவன் நான். எழுதவில்லை. இதை முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தை 2020இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உள்ளடக்கிக்கொண்டது. கேரள அரசு தன் பங்குக்கு 2010இலேயே பிற மாநிலத் தொழிலாளருக்கென்று நலத்திட்டம் தொடங்கியது, 2017இல் "ஆவாஸ்" மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது, கஞ்சிக்கோட்டில் "அப்னா கர்" என்ற தங்கும் விடுதி கட்டியது, அரசு ஏடுகளில் "அதிதித் தொழிலாளி", அதாவது விருந்தாளித் தொழிலாளி, என்று எழுதுகிறது. நல்லவை. என் அப்பா காலத்துத் தமிழ் ஆட்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. விருந்தாளி என்ற சொல்லைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. விருந்தாளி என்பவர் திரும்பிப் போக வேண்டியவர்.

8 டிசம்பர் 2024

முதல் கேள்வியைக் கேட்ட பொள்ளாச்சி வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். பழக்கம் என்ற சொல்லை விலக்கிக்கொள்வதாகவும், ஆனால் ஆட்கள் இப்படி நகர்ந்துகொண்டே இருந்தால் காலப்போக்கில் இரு பக்கக் கூலியும் சமமாகிவிட வேண்டாமா என்றும் கேட்கிறார். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது: ஆள் போன இடத்தில் ஆள் குறைந்து கூலி ஏறும், வந்த இடத்தில் கூலி தணியும்.

நான் பார்த்த நாற்பது ஆண்டுகளில் ஒரு பாதி நடந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் கூலி ஏறியது. தமிழ்நாட்டு ஊரக விவசாயக் கூலி 2022-23இல் நாட்டின் சராசரியைவிட நூறு ரூபாய்க்கு மேல் அதிகம். பையன்கள் படித்தார்கள், பெண்கள் திருப்பூருக்குப் போனார்கள், குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. கேரளத்துக்கு வரும் தமிழ் ஆட்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவே காரணம், வடக்கிலிருந்து வருகிறவர்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள் என்பது முழு உண்மையல்ல. மற்றப் பாதி நடக்கவில்லை. கேரளத்தின் கூலி தணியவில்லை. அதற்குப் பதிலாகக் கூலி இரண்டு தட்டுகளாகப் பிரிந்தது, மேல் தட்டில் உள்ளூர் ஆள், கீழ்த் தட்டில் வந்தவர். அக்டோபர் 5ஆம் தேதிக் குறிப்பில் நான் சொன்ன இரண்டு விகிதங்கள் இன்றும் இருக்கின்றன, பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

அதை எழுதிய பிறகு என் தோப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். தேங்காய் உரிக்கிற நால்வருக்கும் நான் கொடுப்பது, உள்ளூர் ஆள் கேட்கிற தொகையில் முக்கால் பங்கு. மேஸ்திரி மூலம் பேசியதால் நான் கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் காய்க்கு உள்ளூர் விகிதம் எதுவோ அதையே இந்தப் பறிப்பிலிருந்து நேரடியாக அவர்கள் கையில் கொடுத்தேன். மேஸ்திரிக்குக் கோபம், பக்கத்துத் தோப்புக்காரரான என் மாமாவுக்கு அதைவிடக் கோபம். "நீ ஏத்திவிட்டா நாங்க எங்கப்பா போறது" என்றார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்கும் தேங்காய் விலை விழுந்த ஆண்டுகள் உண்டு.

புலம்பெயர் தொழிலாளர் நலத்திட்டத்துக்கு ஆண்டுக் கட்டணம் முப்பது ரூபாய்தான். நேற்று மூவருக்கு விண்ணப்பம் நிரப்பினேன். நான்காமவரின் ஆதாரில் தந்தை பெயர் வங்காளத்தில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் இருக்கிறது. ஊருக்குப் போய்த் திருத்தி வர வேண்டும் என்கிறார்கள். போய்வர ஆறு நாள் ஆகும். இங்கேயே திருத்த வழி இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.